லெம்பர்ட் டோம்: எந்தப் பக்கம் ஏறணும், எந்தப் பக்கம் இறங்கவே கூடாது

மெதுநடை:
ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் கலிஃபோர்னியாவுல இருக்கிற யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போறோம். ஹாஃப் டோம் பாறையில கம்பிக் கயிறு பிடிச்சு ஏறுற கேபிள் வழிக்குப் பர்மிட் கிடைக்கலை. அதுக்குப் பதிலா டுவாலமி மெடோஸ் புல்வெளியில இருக்கிற லெம்பர்ட் டோம்ங்கிற மொட்டைக் கிரானைட் பாறைக்குப் போகலாம்னு திட்டம். கூட 9 வயசுப் பையன், 62 வயசு அப்பா. ரோடுல இருந்து பார்த்தா நேர் சுவர் மாதிரி இருக்கு, ஆனா எல்லாரும் "ஈஸி ஹைக்"னு எழுதியிருக்காங்க. எந்தப் பக்கமா ஏறுறது? பர்மிட் எதுவும் வேணுமா?

டியோகாதடம்:
பகல் நேரத்துல ஏறி இறங்க பர்மிட் வேண்டாம், பூங்கா நுழைவுக் கட்டணம் போதும். ரோடுல இருந்து நீங்க பார்க்கிறது மேற்கு, தென்மேற்கு முகம். அது கயிறு கட்டி ஏறுற க்ளைம்பர்களுக்கானது. நடந்து ஏறுறவங்க பாறையைச் சுத்தி முதுகுப் பக்கம், அதாவது வடகிழக்குப் பக்கம், போய் ஏறணும்.

கிளம்ப ரெண்டு இடம் உண்டு. ஒண்ணு டியோகா ரோட்டை ஒட்டி, பாறை அடிவாரத்துலயே இருக்கிற லெம்பர்ட் டோம் பார்க்கிங். அங்கிருந்து பாதை பைன் காட்டுக்குள்ள நல்ல ஏத்தமா வடக்கே போகும். டாக் லேக்ங்கிற ஏரிக்குப் பிரியிற இடம் வரும். அங்க வலது பக்கம் திரும்பினா பாறையோட பின்புறச் சேணத்துக்கு (ரெண்டு மேட்டுக்கு நடுவுல இருக்கிற தாழ்வான இடம்) வந்துடலாம். ரெண்டாவது, டுவாலமி லாட்ஜுக்குப் போற ரோட்டுல இருக்கிற டாக் லேக் பார்க்கிங். அங்கிருந்து டியோகா ரோட்டைக் கடந்து கிழக்குப் பக்கமா ஏறணும். தூரம் குறைவு, ஏத்தம் கடுமை. ரெண்டு வழியும் அந்தச் சேணத்துலதான் சேரும்.

முதல் வழியில போய் வர சுமார் 4.5 கி.மீ., ஏத்தம் 260 மீட்டர். 2 முதல் 3 மணி நேரம் வச்சுக்கோங்க. சின்னப் பையனும் பெரியவரும் இருக்கிறதால 4 மணி நேரம் ஒதுக்குங்க. சேணத்துக்கு மேல பாதைன்னு ஒண்ணு கிடையாது, வெறும் பாறைதான். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி சரிவு திடீர்னு நிமிரும், அங்க கையும் ஊன்ற வேண்டியிருக்கும். பல பேர் அதுக்குக் கீழே இருக்கிற தோள்லயே நின்னுடுவாங்க. காட்சி அங்கயே முக்கால்வாசி கிடைச்சுடும், அதனால குடும்பத்தோட போறவங்களுக்கு அதுதான் என் பரிந்துரை.

பனித்தடம்:
"எந்தப் பக்கம்" என்ற கேள்விக்கான பதில் இந்தப் பாறையின் வரலாற்றிலேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் வரைபடம் இல்லாமலே எந்தப் பக்கம் பாதுகாப்பு என்று சொல்லிவிடலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் டியோகா பனிக்காலம் உச்சத்தில் இருந்தபோது, இன்றைய டுவாலமி புல்வெளி இருக்கும் இடம் முழுக்கப் பனி. லைல் பள்ளத்தாக்கிலிருந்தும் டேனா பக்கத்திலிருந்தும் இறங்கிய பனியாறுகள் இங்கே கூடி மேற்கே நகர்ந்தன. கதீட்ரல் சிகரம், யூனிகார்ன் சிகரம் போன்றவற்றின் நுனி மட்டும் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. 2,880 மீட்டர் உயரமுள்ள லெம்பர்ட் டோம் அடியோடு மூழ்கியிருந்தது.

பனி கிழக்கிலிருந்து வந்து பாறையில் முட்டியது. முட்டிய பக்கத்தில் அழுத்தம் அதிகம். பனிக்கட்டியின் அடியில் உறைந்து சிக்கியிருந்த கற்களும் மணலும் உப்புத்தாள் தேய்ப்பதுபோல் பாறையைத் தேய்த்து வழவழப்பான மென்சரிவாக்கின. பாறையைத் தாண்டி மேற்கே இறங்கும்போது அழுத்தம் குறைந்தது. பனிக்கும் பாறைக்கும் நடுவே வெற்றிடங்கள் உண்டாயின. அங்கே தேங்கிய உருகுநீரின் அழுத்தம் ஏறி இறங்க, பாறையில் ஏற்கெனவே இருந்த விரிசல்கள் பெரிதாயின. தளர்ந்த துண்டுகளைப் பனி பிடுங்கி எடுத்துக்கொண்டு போனது. அதனால்தான் கிழக்கு முதுகு, மேற்கு சுவர். இந்த வடிவத்துக்கு 'ரோஷ் மூட்டோனே' என்று பிரெஞ்சுப் பெயர். ஆட்டுக் கொழுப்பு தடவி வழித்துவிட்ட அக்காலத்துப் பொய்முடிகளை நினைத்து 18ஆம் நூற்றாண்டில் சோசூர் என்ற ஆல்ப்ஸ் ஆராய்ச்சியாளர் வைத்தது.

சுருக்கமாக, பனி தேய்த்த பக்கம் நடப்பவர்களுக்கு, பனி பிடுங்கிய பக்கம் கயிற்றோடு ஏறுபவர்களுக்கு.

மெதுநடை:
ரொம்ப நன்றி பனித்தடம் சார். ஒரு சந்தேகம். அப்படின்னா நம்ம மதுரை யானைமலையும் இதே மாதிரி உருவானதா? ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் செங்குத்துன்னு பார்க்க ஒரே மாதிரிதான் தெரியுது.

பனித்தடம்:
இல்லை. அந்தப் பனிக்காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் பனியாறு எதுவும் கிடையாது. யானைமலை, நாமக்கல் கோட்டைப் பாறை போன்றவை நீண்டகால வெப்பமண்டல வானிலைச் சிதைவில் சுற்றியுள்ள மண்ணும் தளர்ந்த பாறையும் அரித்துப் போன பிறகு எஞ்சி நிற்பவை. மேல்தகடு வெங்காயத் தோல்போல் உரிவதால் உருண்டு தெரிகின்றன. அந்த உரிதல் லெம்பர்ட் டோமிலும் உண்டு. ஆனால் இங்கே பனியின் கைவரிசை அதற்கு மேல் தனியாகப் பதிந்திருக்கிறது.

நேரில் போகும்போது ஒன்று பாருங்கள். இந்தப் பாறை கதீட்ரல் பீக் கிரானோடயோரைட் என்ற கிரானைட் வகை, வயது சுமார் 8.8 கோடி ஆண்டு. அதில் விரல் நீளத்துக்குச் செவ்வக வடிவில் வெளிறிய ஃபெல்ட்ஸ்பார் கனிமப் படிகங்கள் பதிந்திருக்கும். பனி மெருகேற்றிய இடத்தில் படிகமும் சுற்றியுள்ள பாறையும் ஒரே மட்டத்தில், மொசைக் தரையைப்போல், வெட்டிவிட்டதாக இருக்கும். விரலை வைத்தால் எங்கே படிகம் முடிந்து பாறை தொடங்குகிறது என்றே தெரியாது. சாய்வெயிலில் பார்த்தால் கண்ணாடிபோல் மின்னும், அதில் பனி நகர்ந்த திசையில் இணையான மெல்லிய கீறல்கள். ஒரு சாண் தள்ளி அந்த மெருகு உரிந்துபோன இடத்தில் அதே படிகம் பாறைக்கு வெளியே குமிழாகத் துருத்திக்கொண்டிருக்கும், ஏனென்றால் சுற்றியுள்ள சிறுமணிகள் முதலில் உதிர்கின்றன, பெரிய படிகம் தாக்குப்பிடிக்கிறது.

பாறைப்பல்லி:
பனித்தடம் சொன்ன இந்தக் கடைசி விஷயம் வெறும் நிலவியல் இல்லைங்க, காலுக்கு நேரடியாச் சம்பந்தப்பட்டது. மின்னுற இடத்துல கால் வைக்காதீங்க. சொரசொரப்பா, மங்கலா, குமிழ் குமிழா இருக்கிற இடத்துல வைங்க. ஒரே சரிவுதான், ஒரு அடி தள்ளி வச்சா பிடிக்கும், இங்க வச்சா வழுக்கும்.

கணக்காவே சொல்றேன். சரிவு 20 டிகிரின்னா நிக்கறதுக்கு உராய்வுக் கெழு (காலுக்கும் பாறைக்கும் நடுவுல இருக்கிற பிடியோட அளவு) 0.36 போதும். 30 டிகிரிக்கு 0.58 வேணும். 40 டிகிரிக்கு 0.84. நல்ல ரப்பர், காய்ஞ்ச சொரசொரப்பான கிரானைட்னா 30 டிகிரி பிரச்சினை இல்லாம நிக்கும். அதே ரப்பர் மெருகேறின பாறையில, அதுவும் ஈரமா இருந்தா, 20 டிகிரியே சந்தேகம். சரிவு கொஞ்சம் கூடுறப்போ தேவை வேகமாக் கூடுது, கிடைக்கிற பிடி அப்படியே கூடாது. "இதுவரைக்கும் நல்லாத்தானே பிடிச்சுது, இன்னும் ரெண்டு அடி"ன்னு போறவங்க மாட்டுறது இங்கதான்.

வழுக்குறதுக்கு மூணு காரணம் திரும்பத் திரும்ப வரும். கிரானைட் உதிர்ந்த பொடி மணல் பாறை மேல சிதறிக் கிடக்கும், அது காலுக்கடியில குண்டுமணி மாதிரி உருளும். ரெண்டாவது, தண்ணி கசியிற கருப்புக் கோடுகளும், நனைஞ்ச பாசியும். மூணாவது ஷூ அடியில ஒட்டின காட்டுப் புழுதி. சேணத்துல பாறை தொடங்குற இடத்துல நின்னு ஷூ அடியை பேன்ட்லயோ துணியிலயோ நல்லாத் துடைங்க. பத்து செகண்ட் வேலைதான்.

உடம்பை எப்படி வைக்கிறதுன்னா, பயம் வந்தா எல்லாரும் பாறையைப் பார்த்துக் குனிஞ்சு கையை ஊன்றப் பார்ப்பாங்க. அது தப்பு. குனிஞ்சா எடை காலை விட்டுப் போயிடும், கால் பின்னாடி வழுக்கும். இடுப்பை வெளியே தள்ளி, எடை நேரா பாதத்து மேல விழற மாதிரி நிமிர்ந்து நில்லுங்க. குதிகாலைத் தாழ்த்தி முழுப் பாதமும் பாறையைத் தொடட்டும். சின்னச் சின்ன அடி. இறங்கும்போது முட்டியை மடக்கி, வெளியே பார்த்தபடி, குறுக்கும் நெடுக்குமாப் போங்க. பையனுக்கு ரன்னிங் ஷூன்னா அடி தேயாததாப் பாருங்க. அப்பாவுக்கு வாக்கிங் ஸ்டிக் காட்டுப் பாதைக்கு நல்லது, பாறை மேல அதோட இரும்பு முனை வழுக்கும். சேணத்துல மடக்கிப் பையில வச்சுடச் சொல்லுங்க.

கோடைவிடுமுறை:
பார்க்கிங் பக்கத்துலயே சாய்வான பாறை ஒண்ணு இருக்கே, நிறைய குழந்தைங்க ஏறி விளையாடுவாங்க. அதுலயே நேரா மேல போயிட்டா சுத்திப் போற 2 கி.மீ. மிச்சம். சரிவு அப்படி ஒண்ணும் மோசமாத் தெரியலையே? எதுக்கு இவ்வளவு பயமுறுத்துறீங்க?

பாறைப்பல்லி:
தயவுசெஞ்சு இதை யாரும் செய்யாதீங்க. அடியில இருக்கிற சாய்வு மட்டும் விளையாடலாம், அதுவும் பெரியவங்க கூட நின்னு. அங்கிருந்து மேல போகப் போகச் செங்குத்தாகும். ஏறுறது எப்பவும் இறங்குறதை விட சுலபம், அதனால குழந்தை தன்னால இறங்க முடியாத உயரத்துக்கு ஏறினதுக்கு அப்புறம்தான் கீழே பார்க்கும். பயந்து உக்காந்துடும், அல்லது உக்காந்தபடியே தேய்ச்சுக்கிட்டு இறங்கப் பார்க்கும். உக்காந்தா எடை பின்புறத்துக்குப் போகும், துணிக்குப் பாறையில பிடியே கிடையாது. ஒரு தடவை வேகம் பிடிச்சா நிறுத்த முடியாது.

டியோகாதடம்:
இதோட இன்னொரு பாதியை நான் சொல்றேன், ஏன்னா இறங்கும்போதுதான் ஆபத்து ஜாஸ்தி. உச்சியில நின்னா கார் பார்க்கிங் காலுக்கு நேர் கீழே தெரியும். நேரா இறங்கினா பத்து நிமிஷத்துல காருக்குப் போயிடலாம்னு தோணும். டோமோட வடிவம் குவிஞ்சது, உருண்டையான முதுகு. மேல தட்டையா ஆரம்பிக்கும், ஒவ்வொரு பத்து அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாச் சாயும், விளிம்பு எங்கன்னு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முன்னாடி தெரியுறது பாறையோட வளைவும் அதுக்கு அப்பால புல்வெளியும்தான். நடுவுல இருக்கிற சுவர் மறைஞ்சுடும். திரும்பலாம்னு நினைக்கும்போது நீங்க நிக்கிற சரிவே திரும்ப ஏறக் கஷ்டமானதா ஆகியிருக்கும்.

விதி ஒண்ணே ஒண்ணு: வந்த வழிதான் இறங்குற வழி. சேணத்துல இருந்து பாறையில கால் வைக்கும்போதே திரும்பிப் பாருங்க. எந்த மரம், எந்தக் கல், எந்தத் தூர மலைக்கு நேரா வந்தோம்னு குறிச்சுக்கோங்க. போன்ல பின்பக்கம் பார்த்து ரெண்டு படம் எடுத்து வைங்க. மேல இருந்து பார்க்கும்போது சேணத்துல இருக்கிற மரங்களெல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். அங்க சிக்னலை நம்பாதீங்க, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வச்சுக்கோங்க. சேணத்துக்கு வந்ததும் நீங்க வடகிழக்கே பார்த்து நிப்பீங்க. இடது பக்கம் போனா லெம்பர்ட் பார்க்கிங், வலது பக்கம் இறங்கினா டாக் லேக் பார்க்கிங். இதை மாத்திப் பிடிச்சா ரோட்டோரமா நடந்து காருக்கு வரணும், அவ்வளவுதான், ஆபத்து இல்லை.

கயிறும்கல்லும்:
நானும் நண்பரும் இதே மாதம் லெம்பர்ட் டோமில் நார்த்வெஸ்ட் புக்ஸ் என்ற க்ளைம்பிங் வழியில் ஏற நினைக்கிறோம். ஜிம்மில் 5.9 (ஏறுவதன் கடினத்தைக் குறிக்கும் எண்) வரை லீட் செய்வோம், அதாவது கயிற்றை மாட்டிக்கொண்டே முதல் ஆளாக ஏறுவோம். இது 5.6தானே, கைக்கு எட்டிய தூரம் என்று நினைக்கிறேன். என்ன கியர் வேண்டும்?

பாறைப்பல்லி:
எண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. ஜிம்ல 5.9ங்கிறது கையால பிடிச்சுத் தொங்குற பலம், கயிற்றை கிளிப் பண்ண, சுவர்ல பதிச்ச போல்ட் தயாரா இருக்கும். இங்க 5.6ங்கிறது விரிசல்ல கை, கால் நுழைச்சு, பாதுகாப்பை நீங்களே வச்சுக்கிட்டு ஏறுறது. இதுக்குப் பேர் ட்ராட் லீட், அதை இதுவரைக்கும் பண்ணலைன்னா, பண்ணினவர் ஒருத்தர் முன்னால போகட்டும்.

60 மீட்டர் கயிறு ஒண்ணு, விரிசல்ல சொருகிக் கயிற்றை மாட்டுறதுக்கு ஒரு செட் நட், 3 அங்குலம் வரைக்கும் கேம், நீள ஸ்லிங் (நாடா வளையம்) ஏழெட்டு. நீள ஸ்லிங் எதுக்குன்னா, திறந்த புத்தகம் மாதிரி ரெண்டு சுவர் சேர்ற மூலையில வழி வளைஞ்சு வளைஞ்சு போகும். ட்ராங்கிற குட்டி நாடா இணைப்பால கிளிப் பண்ணினா கயிறு ஒவ்வொரு வளைவுலயும் உரசி, பிட்ச் (ஒரு கயிறு நீளத்துக்குள்ள ஏறுற பகுதி) கடைசியில இழுக்கவே முடியாத கனமாயிடும். கேமும் பிடுங்கிக்கிட்டு வரலாம். ஹெல்மெட் கட்டாயம், மேல நடக்கிறவங்க தெரியாம உருட்டிவிடுற கல்லு வரும். வடமேற்கு முகம்ங்கிறதால காலையில வெயில் படாது. இந்த உயரத்துல நிழல்ல பிலே பண்றவர் (நின்னு கயிற்றைப் பிடிச்சுக் காக்கிறவர்) ஆகஸ்ட்லயும் நடுங்குவார், ஜாக்கெட் எடுத்துக்கோங்க.

முக்கியமானது இனிமேதான். கஷ்டமான ரெண்டு பிட்ச் முடிஞ்சதும் விரிசல் தீர்ந்துபோய்ச் சரிவு இளகும். அதுக்கு மேல உச்சி வரைக்கும் நீளமான ஸ்லாப், அதாவது சாய்வான வெறும் பாறை. பலர் அங்க கயிற்றைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, க்ளைம்பிங் ஷூவையும் கழட்டிட்டுச் செருப்போட நடப்பாங்க. கஷ்டமானது முடிஞ்சதுங்கிற நிம்மதிதான் காரணம். ஆனா கீழே இருக்கிறது அதே சுவர், இப்போ முழு உயரத்தோட. அங்க வழுக்கினா தடுக்க எதுவும் இல்லை. சரிவு நிஜமாவே தட்டையாகுற வரைக்கும் ஷூவைக் கழட்டாதீங்க, ரெண்டு பேர்ல ஒருத்தருக்குச் சந்தேகம் இருந்தாலும் கயிற்றோடயே போங்க. இறங்குறது நடைவழியிலதான், மேல டியோகாதடம் சொன்ன அதே சேணம்.

கயிறும்கல்லும்:
விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி. அப்படியானால் அந்தப் பக்கத்து ஸ்லாப் ரூட்கள்? போல்ட் இருக்கிறதால் அவை பாதுகாப்பானவைதானே?

பாறைப்பல்லி:
டுவாலமியில போல்ட் இருக்குங்கிறதும் பாதுகாப்புங்கிறதும் வேற வேற. இங்க பழைய ரூட்கள் கீழிருந்து ஏறிக்கிட்டே, கால் நிக்கிற இடம் கிடைச்சா அங்க நின்னு கையால சுத்தியலடிச்சுத் துளை போட்டு வச்சது. ஒரு துளைக்கே ரொம்ப நேரம் ஆகும், கெண்டைக்கால் நடுங்கும். அதனால கஷ்டமான இடத்துல ஒண்ணு, சுலபமான இடத்துல வெகுதூரத்துக்கு ஒண்ணும் இல்லைன்னு இடைவெளி விட்டு இருக்கும். கடைசி போல்ட்டுக்கு 5 மீட்டர் மேல இருந்து விழுந்தா 10 மீட்டர், அதோட கயிறு நீள்றதும் தளர்வும் சேரும். காத்துல விழற மாதிரி இல்லை இது, சொரசொரப்பான பாறையில உரசிக்கிட்டே போற விழுகை, உள்ளங்கைத் தோல் மிச்சம் இருக்காது. கைடு புக்ல எண்ணுக்குப் பக்கத்துல 'ஆர்' போட்டிருந்தா விழுந்தா அடி பலமா இருக்கும்னு அர்த்தம். பழைய கால் அங்குல போல்ட் துருப்பிடிச்சு நிக்கறதைப் பார்த்தா அதை நம்பி விழாதீங்க. நிறைய இடத்துல தடிமனான புது போல்ட் மாத்தியிருக்காங்க, எல்லா இடத்துலயும் இல்லை.

மெதுநடை:
சரி, நாங்க பின்பக்கமாத்தான் போறோம், தோள் வரைக்கும் மட்டும். எத்தனை மணிக்குக் கிளம்பணும்? காலை சாப்பாடு முடிச்சு 11 மணி வாக்குல போனா ஆகாதா?

டியோகாதடம்:
ஆகாது. 8 மணிக்குப் பாதையில இருங்க. ஜூலை, ஆகஸ்ட்ல மத்தியான இடி மழைதான் இங்க பெரிய எதிரி. காலையில நீல வானம், 11 மணிக்கு மேகம் காலிஃப்ளவர் மாதிரி மேல வளர ஆரம்பிக்கும், 1 மணிக்கு இடி. மொட்டைப் பாறை உச்சியில சுத்தி இருக்கிறதுலயே உயரமான பொருள் நீங்கதான். 1985 ஜூலைல ஹாஃப் டோம் உச்சியில மின்னல் தாக்கி ரெண்டு பேர் இறந்தாங்க, அதுவும் இதே மாதிரி மொட்டைக் கிரானைட்தான்.

பகல் 12 மணிக்கு முன்னால பாறையை விட்டு இறங்கி மரக் காட்டுக்குள்ள இருக்கணும். மேகம் கறுத்து மேல வளர்ந்தா இடிச் சத்தத்துக்குக் காத்திருக்காதீங்க, உடனே இறங்குங்க. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 செகண்ட்னா சுமார் 10 கி.மீ. தூரம், அடுத்த மின்னல் உங்க மேலயே விழலாம். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகுற வரைக்கும் திரும்ப ஏறாதீங்க. மழை நின்னாலும் பாறை காயணும். வெயில் வந்ததும் மேற்பரப்பு சீக்கிரம் காய்ஞ்சுடும், கருப்புக் கோடுகள் மட்டும் ரொம்ப நேரம் கசியும்.

அடுத்தது உயரம். புல்வெளியே 2,600 மீட்டர். சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவுல கடல் மட்டத்துல தூங்கி எழுந்து அன்னிக்கே வந்தா தலைவலி, குமட்டல் வரலாம். முடிஞ்சா முந்தின ராத்திரி மேல தங்குங்க. அப்பாவுக்குத் தலைவலியோட தள்ளாட்டம் வந்தா கீழே இறங்குறதுதான் வைத்தியம், உக்காந்து ஓய்வெடுத்தாப் போதும்னு விட்டுடாதீங்க. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணி. பாறை மேல எங்கயும் கிடைக்காது. டாக் லேக் தண்ணின்னா வடிகட்டிக் குடிங்க. கார்ல சாப்பாடு, பற்பசை எதையும் விடாதீங்க, பார்க்கிங்ல இருக்கிற கரடிப் பெட்டியில வச்சுப் பூட்டுங்க.

கோடைவிடுமுறை:
நேரா ஏறுற விஷயத்துல நான் சொன்னது தப்புதான், எடுத்துச் சொன்னதுக்கு நன்றி. லெம்பர்ட்னா யாரு? மலையேறினவரா?

பனித்தடம்:
இல்லை, அங்கே குடியிருந்தவர். ஜான் பாப்டிஸ்ட் லெம்பர்ட் 1885இல் பக்கத்திலுள்ள சோடா ஸ்பிரிங்ஸ் ஊற்றைச் சுற்றி 160 ஏக்கர் எடுத்துக் குடில் கட்டினார். அங்கோரா ஆடு வளர்த்தார், ஒரு கடும் பனிக்காலத்தில் ஆடுகளை இழந்தார். பிறகு வண்ணத்துப்பூச்சிகளையும் மற்றப் பூச்சிகளையும் சேகரித்து அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தார். 1896-97 குளிர்காலத்தில் எல் போர்ட்டல் அருகே தன் குடிலில் கொலையுண்டார். அவர் நிலம் 1912இல் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்கு வந்தது. புல்வெளியில் நிற்கும் பார்சன்ஸ் நினைவுக் கட்டடம் 1915இல் அந்த நிலத்தில் எழுந்ததுதான். நேரமிருந்தால் லெம்பர்ட் பார்க்கிங்கிலிருந்தே மண் சாலையில் சமதளமாக நடந்து பார்த்துவிட்டு வரலாம். மத்தியானம் மேகம் கூடி, மேலே போக முடியாத நேரத்துக்கு அது பொருத்தமான நடை.

இன்னொன்று. தோளில் நிற்கும்போது தென்கிழக்கே லைல் பள்ளத்தாக்கைப் பையனுக்குக் காட்டுங்கள். நீங்கள் நிற்கும் பாறையைத் தேய்த்த பனியின் ஒரு கிளை அங்கிருந்துதான் வந்தது. அதன் தலைமாட்டில் மிச்சமிருக்கும் லைல் பனியாறு நகர்வதை நிறுத்திவிட்டது என்று 2013இல் பூங்கா நிர்வாகம் அறிவித்தது. நகராத பனி பாறையைத் தேய்க்காது, பிடுங்காது. அதை வெறும் பனித்திட்டு என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து மக்ளூர் பனியாறு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. வழியில் மெருகேறிய பாறையில் பெயர் கீறுகிறவர்களைக் கண்டால் தடுத்துச் சொல்லுங்கள். அந்த மெருகு மிக மெல்லியது, உரிந்தால் திரும்ப வராது.

மெதுநடை:
குறிச்சுக்கிட்டோம்: 8 மணி, பின்பக்கம், தோள் வரைக்கும், 12க்குள்ள காட்டுக்குள்ள. ஒரே ஒரு கேள்வி பாக்கி. டியோகா ரோடு அப்போ திறந்திருக்கும்தானே?

டியோகாதடம்:
ஆகஸ்ட்ல திறந்திருக்கும். பொதுவா நவம்பர்ல பனி விழுந்ததும் மூடுவாங்க, மே கடைசி அல்லது ஜூன்லதான் திறப்பாங்க, பனி ஜாஸ்தியான வருஷம் ஜூலை வரைக்கும் இழுக்கும். காட்டுத்தீ, பாறை சரிவுன்னா கோடையிலயும் திடீர்னு மூடுவாங்க. கிளம்புற அன்னிக்குக் காலையில பூங்காவோட சாலை நிலவரத் தொலைபேசிப் பதிவைக் கேட்டுட்டுக் கிளம்புங்க. லெம்பர்ட் பார்க்கிங் 9 மணிக்கெல்லாம் நிரம்பிடும். நிரம்பியிருந்தா புல் மேல நிறுத்தாதீங்க, டாக் லேக் பார்க்கிங்குக்குப் போய் கிழக்குப் பக்கமா ஏறுங்க.